நிறையாத படகு

எங்கள் தெருவில் யாராவது கொச்சிக்குச் சுற்றுலா கிளம்பினால் என்னிடம்தான் வந்து விசாரிப்பார்கள். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கல்யாணமாகி முதல் பயணம். "ஊரு எப்படிக்கா இருக்கும்? என்னென்ன பாக்கலாம்?" என்று கேட்டாள். அவளிடம் சிடுசிடுக்க மனம் வரவில்லை. சீன மீன்பிடி வலை பார், சாயங்காலம் கடற்கரையில் நட, பழைய தேவாலயத்துக்குப் போ என்று சொல்லி அனுப்பினேன். அதெல்லாம் போனில் வீடியோ பார்த்துச் சொன்னது. எனக்குத் தெரிந்த கொச்சி வேறு. அந்த ஊரை எனக்குப் பிடிக்காது. பிடிக்காத ஊரைப் பற்றியும் நாலு வார்த்தை நியாயமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சொல்வது மட்டாஞ்சேரி. துறைமுகத்தை ஒட்டிய பழைய வியாபாரப் பகுதி. போடியில் எங்களைப் போன்ற பெண்கள் நாளெல்லாம் உட்கார்ந்து, பருமனும் நிறமும் பார்த்துப் பிரித்துப்போடுகிற ஏலக்காயில் கொஞ்சம் அங்கே போய் இறங்குகிறது. என் அண்ணன் அங்கே ஒரு குடோனில் மூட்டை தூக்கினான். குடோன் ஒரு குஜராத்திச் சேட்டுடையது. கணக்கு எழுதுகிறவர் கொங்கணிக்காரர். கூட மூட்டை தூக்குகிறவர்கள் மலையாள முஸ்லிம்களும் பீகார்க்காரர்களும். துணி வெளுக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள். யூதத் தெரு என்று ஒன்று இருக்கிறது, யூதர்களைத்தான் காணவில்லை. அவர்கள் வீடெல்லாம் இப்போது கடை. "ஆளுக்கொரு சாமி, ஆளுக்கொரு சாப்பாடு. சண்டை மட்டும் எல்லாருக்கும் மலையாளத்துல" என்று அண்ணன் போனில் சொல்லிச் சிரிப்பான்.

அப்பாவை ஒருமுறையாவது கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கப்பலைக் காட்டணும், கடலைக் காட்டணும் என்பான். அப்பா அசையமாட்டார். "உப்புத் தண்ணியில எனக்கு என்ன சோலி?" என்பார். மலைத் தோட்டத்தைத் தவிர அவருக்கு வேறு திசை கிடையாது.

ஒருநாள் விடியற்காலையில் அண்ணனோடு மூட்டை தூக்குகிற மலையாளக் கூட்டாளியிடமிருந்து போன் வந்தது. மூட்டை அடுக்கின் மேலிருந்து அண்ணன் விழுந்துவிட்டான். வயிற்றுக்குள் அடி. நினைவு இருக்கிறது, பேசுகிறான். சாயங்காலம் ஆபரேஷன், அதற்கு முன்னால் அப்பாவைப் பார்க்க வேண்டுமாம். "வேகம் வரணும்" என்றார் அவர். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் பஸ் ஏறினோம். போடிமெட்டு, மூணாறு என்று பனிக்குள் பஸ் ஊர்ந்தது. மலையில் டவர் தேடியே என் போன் செத்தது. கூட்டாளியின் நம்பரும் அதற்குள்ளேயே கிடந்தது. விடியற்காலையில் கூட்டாளியின் போனை வாங்கி அண்ணன் கடைசியாகப் பேசியது, "அப்பாவ எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துரு." பேச்சில் மூச்சு வாங்கியது. அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

எர்ணாகுளத்தில் இறங்கி மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டோம். பாலத்தில் டிராபிக், படகில் அக்கரைக்குப் போனால் சீக்கிரம் என்றார்கள். ஓட்டமும் நடையுமாகப் படகுத்துறைக்குப் போனோம். படகு நின்றிருந்தது. பாதி பெஞ்சு காலி.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஆளு நெறையல ஆத்தா. எடுக்க நேரமாகும். ஒரு டீயக் குடிச்சிட்டு ஏறுவோம், தல சுத்துது."

இதைப் படித்துவிட்டு யாரும் அப்பாவைப் பைத்தியக்காரர் என்று நினைக்கக் கூடாது. எங்கள் ஊரில் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பு கடிகாரம் பார்த்துக் கிளம்பாது. உள்ளே திணித்து, பின்னால் இரண்டு பேர் தொங்கிய பிறகுதான் நகரும். அதுவரை நீங்கள் டீ குடிக்கலாம், வெற்றிலை போடலாம், ஊர்க்கதை பேசலாம். ஆள் குறைந்தால் டிரைவரே கடைக்கு வந்து கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார். வாழ்நாளெல்லாம் அப்படியே மலை ஏறி இறங்கியவர் அவர். விடியற்காலையிலிருந்து பட்டினி வேறு.

அப்பா ஒரு மடக்குக் குடித்திருப்பார். படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டது. டம்ளரோடு ஓடினார். "ஏய் நிப்பாட்டு, ஆளு இருக்கு!" என்று கத்தினார். படகிலிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "பாதி ஆள வச்சுக்கிட்டுப் போறானே, பொழைக்கத் தெரியாத பய" என்று திட்டினார். இனிமேல் இடத்தை விட்டு அசையக் கூடாது என்று துறையிலேயே நின்றோம். கன்னியாஸ்திரிகள், தொப்பி வைத்த பெரியவர், சேலையை வேறு மாதிரிக் கட்டிய வடக்கத்திப் பெண்கள் என்று கூட்டம் சேர்ந்தது. தூரத்தில் அண்ணன் சொன்ன கப்பல் நின்றது. அப்பா அதைப் பார்த்தாரா என்று தெரியாது. அடுத்த படகு வர நெடுநேரமாயிற்று. எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

அக்கரையில் ஒருவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணனின் கூட்டாளி. "போடியில இருந்தல்லே?" என்றவர் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஆட்டோவுக்கு ஓடினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். இரத்தக் கசிவு கூடியதால் முன்கூட்டியே ஆபரேஷனுக்கு எடுத்துவிட்டார்களாம். கதவு சாத்தியிருந்தது. பொழுது சாய்வதற்குள் டாக்டர் வெளியே வந்து கையை விரித்தார்.

அன்று அந்த ஊர் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சேட்டு வீட்டம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். கணக்கர் காகித வேலையெல்லாம் பார்த்தார். வெளுக்கிற தமிழர்கள் புது வேட்டி கொண்டுவந்தார்கள். நன்றி கெட்டவள் என்றாலும் சரி, எனக்கு மனசு ஆறவில்லை.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூட்டாளியைப் பார்த்துக் கேட்டார். "உள்ள கொண்டுபோறப்ப கூட யாருய்யா இருந்தா?"

கூட்டாளி தரையைப் பார்த்தார். "ஆரும் இல்ல அப்பா. அதுவரைக்கும் நான்தான் கூட இருந்தேன். என்னை அவரு அனுப்பிச்சாரு. 'படகு நேரம் பாத்துப் போகும்னு எங்கப்பாவுக்குத் தெரியாது. ஆளு நெறையட்டும்னு நிப்பாரு. நீ போய்க் கூட்டிட்டு வா, நான் தனியா இருந்துக்குவேன்'னு சொன்னாரு. நான் இந்தக் கரையிலயே தேடிட்டேன். எர்ணாகுளம் கரைக்கு வந்திருக்கணும்."

அப்பா நிமிர்ந்தார். "நான் நிப்பேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த ஊருக்கு வந்த முதல் நாளு அவரும் அப்படித்தான் நின்னாராம்."