உயிரோடு இருக்கும் சாட்சி

செருப்புக் கடையில் அவளுக்கு வேறு பெயர். புற்றுநோய் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் எல்லோரும் அவளைச் சாட்சி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது பெரிய சிஸ்டர். ஆபரேஷன் வேண்டாம், மருந்து வேண்டாம், ஆளை விடுங்கள் என்று எவளாவது கட்டிலில் உட்கார்ந்து அடம்பிடித்தால், பெரிய சிஸ்டர் அவளுக்குப் பாடம் நடத்த மாட்டாள். போனை எடுத்து, "சாட்சி, கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" என்பாள்.

கடையில் சொல்லிக்கொண்டு இவளும் வருவாள். மார்பை எடுத்துவிட்டு, சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்திருக்கும் பக்கத்தைத் தட்டிக் காட்டி, "இது கடையில வாங்கினது, அது பொறக்கும்போதே வந்தது. எது எதுன்னு என் வீட்டுக்காரருக்கே சில நாள் குழப்பம்" என்பாள். அழுதுகொண்டிருப்பவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். பிறகு அந்தப் பக்கத்துக் கையை நேராக மேலே தூக்கி அலமாரியின் உச்சியைத் தொடுவாள். "கடையில மேல் தட்டுப் பெட்டி பூரா நான்தான் எடுக்கிறேன். எட்டு வருஷமாச்சு. என்னைப் பாத்தா செத்தவ மாதிரியா இருக்கு?" டாக்டர்கள் மணிக்கணக்காகச் சொல்லிப் புரியாதது அந்தக் கையைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

இத்தனைக்கும் தன் கதையில் ஒரு பகுதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை முழுசாக ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் வைத்திருந்தவள் அவள். வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றுக்காக யார் கடைக்கு லீவு போடுவார்கள்? அது அக்குள் வரை போன பிறகுதான் வந்தாள். அன்று டாக்டர் திட்டிய திட்டு இன்னும் காதிலேயே இருக்கிறது. சாட்சி சொல்ல வந்த இடத்தில் இதையெல்லாம் சொல்லி யாரைப் பயமுறுத்துவது என்று விட்டுவிட்டாள்.

போன வருஷம் இடுப்பு வலிக்கத் தொடங்கியது. பெட்டி தூக்கியதால் என்று நினைத்தாள். தைலம் தேய்த்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் நச்சரித்து நச்சரித்துத்தான் அவளை ஸ்கேனுக்கு அனுப்பினான். முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருந்தது. தரைத்தளத்து டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "முழுசா குணமாகாதும்மா. ஆனா உடனே மருந்து ஆரம்பிச்சா கொஞ்ச காலம் நல்லா இருக்கலாம். தள்ளிப் போடாதீங்க" என்றார்.

ஸ்கேன் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே பெரிய சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேளை, நீயே வந்துட்ட. மேல ஒருத்தி மல்லுக்கு நிக்கிறா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

எத்தனையோ பேரிடம் சாட்சி சொல்லவைத்த அந்த ஆஸ்பத்திரியில், நீ எப்படி இருக்கிறாய் என்று சாட்சியிடம் கேட்கும் பழக்கம் மட்டும் யாருக்கும் இல்லை. அதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

மல்லுக்கு நின்றவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர். இரண்டு பிள்ளைகள். தெருவுக்கு வந்த பரிசோதனை வண்டியில், கூட வந்த தோழிக்குத் துணையாக ஏறியவளுக்குத்தான் கட்டி இருந்தது. கடுகளவு. எடுத்தாகிவிட்டது. ஆனால் வேகமாகத் திரும்பி வரும் வகை என்பதால் ஆறு தடவை மருந்து ஏற்றியே ஆக வேண்டும் என்றார்கள். ஏற்றினால் பிழைத்துக்கொள்வாள், அதில் டாக்டர்களுக்குச் சந்தேகமே இல்லை.

"எங்கக்கா இந்த மருந்துலதான் போனா" என்றாள் டீச்சர். "எல்லாரும் சரியாயிடும் சரியாயிடும்னாங்க. முடிச்சுட்டு உயிரோட இருக்கிற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, நான் ஏத்திக்கிறேன்."

"இதோ நிக்கிறேனே" என்றாள் சாட்சி.

வாய் பழகியிருந்தது. பஞ்சு ஜோக்கைச் சொன்னாள். கையைத் தூக்கினாள். முதுகில் யாரோ ஆணி அடித்ததுபோல் இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரியைத் தொட்டாள்.

"திரும்பி வரவே இல்லியா அக்கா?"

"எட்டு வருஷம். ஒண்ணும் இல்ல" என்றாள். உறை கக்கத்தில்தான் இருந்தது.

டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க என் பக்கத்துல உட்காரணும். நீங்க இருந்தா நானும் இருப்பேன்."

சாட்சி தலையை ஆட்டிவிட்டாள்.

வீட்டில் கணவன் குதித்தான். "ஊருக்கு உபதேசம் பண்ணப் போய் உன் மருந்தைத் தள்ளி வெப்பியா? உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு."

"எனக்கு ஏத்தினா முடி கொட்டும், முகம் கறுக்கும். அந்தக் கோலத்துல அவ பக்கத்துல எப்படிங்க உட்கார்றது? அவளுக்கு முடியட்டும். எனக்கு என்ன, கொஞ்ச மாசம்தானே போகும்."

"அந்தக் கொஞ்ச மாசம்தான் எனக்கு வேணும்" என்றான் அவன்.

அவள் செய்தது தியாகம் என்று சொல்லிவிடலாம். முழு உண்மை அது இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. மருந்து ஏற்றும் நாற்காலியின் பக்கத்தில் துணையாக உட்காரும் வரை தான் நோயாளி இல்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அவள் யார்?

மருந்து ஏற்றும் அறை தரைத்தளத்தில் இருந்தது. டீச்சருக்கு வாய் சும்மா இருக்காது. கையில் ஊசி ஏறியிருக்கும்போதே நாற்காலியின் கால்மிதியைக் காட்டி, "இது கிளட்ச், இது பிரேக், மிதிங்க அக்கா" என்று பாடம் எடுப்பாள். சாட்சி மிதிப்பாள். "மெதுவா, மெதுவா. செருப்பு விக்கிறவங்க காலு இவ்வளவு முரடா இருக்கக் கூடாது." சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். டீச்சருக்கு முடி கொட்டியபோது இருவரும் போய்ச் செயற்கை முடி வாங்கினார்கள். அவள் பிள்ளைகளுக்கே வித்தியாசம் தெரியவில்லை, சொந்த முடி போலவே அத்தனை அச்சாக இருந்தது. சாட்சி வலி மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து உட்காருவாள். இரண்டு மாத்திரை நாலானது. மேல் தட்டுப் பெட்டிகளைக் கடையில் வேறு யாரோ எடுத்தார்கள்.

நாலு தடவை முடிந்திருந்தது. ஒருநாள் கடையில் ஒரு வாடிக்கையாளரின் காலுக்குச் செருப்பு மாட்டிவிட்டு எழுந்தவள் அப்படியே விழுந்தாள். விழுந்து எலும்பு உடையவில்லை. எலும்பு உடைந்துதான் விழுந்தாள். இரண்டாம் மாடியில், தானே எத்தனையோ முறை நின்று பேசிய கட்டில்களில் ஒன்றில் அவளைப் படுக்க வைத்தார்கள்.

ஐந்தாவது தடவைக்கு வந்த டீச்சர் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துக் கேட்டாள். துடைப்பத்தோடு போய்க்கொண்டிருந்த ஆயா, "சாட்சியா? அவ மேல படுத்திருக்கா. எலும்பெல்லாம் பரவிடுச்சாம், பாவம்" என்றாள்.

டீச்சர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"எப்பலேருந்து அக்கா?"

சாட்சி சொன்னாள். முதன்முதலாகப் பார்த்த அன்றிலிருந்து என்று சொன்னாள்.

"அன்னிக்கே தெரியுமா? தெரிஞ்சுமா கையத் தூக்கிக் காட்டினீங்க?"

"இங்க பாரும்மா. என் கதை வேற. நான் ஒரு வருஷம் மறைச்சு வெச்சிருந்தேன், அக்குள் வரைக்கும் போனப்புறம்தான் வந்தேன். உனக்குக் கடுகளவுலயே கண்டுபிடிச்சுட்டாங்க. இன்னும் ரெண்டே தடவை. நீ பொழைச்சுக்குவ. இது நிஜம், சத்தியமா நிஜம்."

டீச்சருக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. அவள் சாந்தமாக இருந்தாள்.

"எங்கக்காகிட்டயும் சத்தியம்தான் பண்ணாங்க. நான் டாக்டரை நம்பல, நர்ஸை நம்பல. உங்க ஒருத்தரை நம்பித்தான் உட்கார்ந்தேன். இப்ப நீங்க நிஜமே சொன்னாலும் எனக்கு எப்படிக்கா தெரியும்?"

போர்வையைச் சரி செய்துவிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மருந்து அறைக்குத்தான் இறங்குகிறாள் என்று சாட்சி நம்பினாள். சற்று நேரம் கழித்துப் பெரிய சிஸ்டர் மூச்சிரைக்க வந்து, "அவ இங்க இருக்காளா? கீழ மருந்தெல்லாம் கலந்து வெச்சாச்சு, ஆளைக் காணோம்" என்றாள்.

சாட்சி ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரும்புவதற்குள் வலியில் உயிர் போய் வந்தது. கீழே முற்றத்தில் டீச்சர் போய்க்கொண்டிருந்தாள். தலையில் அந்த முடி, தோளில் பை, விறுவிறுவென்று நல்ல நடை. சாட்சி கத்தினாள். கண்ணாடி மூடியிருந்தது.

வாசலில் காவலாளி நின்றிருந்தார். நோயாளி யாராவது தனியாக வெளியேறினால் நிறுத்தி விசாரிப்பது அவர் வேலை. டீச்சரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாரையோ பார்க்க வந்தவள் போலிருக்கிறது என்று ஒதுங்கி வழிவிட்டார்.