எதிர்க்கட்சிக்காரரின் த்ரீவீல்

நாவலப்பிட்டி ஸ்டேஷனில் அறிவிப்பைக் கேட்டதும் சட்டத்தரணி ஸுமைரா மணியைப் பார்த்தார். வழியில் தண்டவாளத்தை மண் மூடிவிட்டதாம். கண்டி ரயில் போகாது; வழக்கோ இன்று கண்டி நீதிமன்றத்தில். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் பஸ்களில் ஆட்கள் மிதிபலகைவரை தொங்குகிறார்கள்.

"மிஸ், இன்னைக்கும் போகலன்னா கேஸ தள்ளிருவாங்கதானே?" கட்சிக்காரி சிந்துஜாவுக்கு அழுகை முட்டியது.

தள்ளத்தான் செய்வார்கள். போன தவணை சிந்துஜா காய்ச்சலில் கிடந்ததற்கே நீதிபதி முகம் சுளித்திருந்தார். கணவன் ரமேஸோடு இனிச் சேர்ந்து வாழ்வதில்லை என்பது முடிவான விசயம். மகள் லக்ஷிகா யாரோடு இருப்பது என்பதில்தான் இழுபறி. சிந்துஜாவுக்கு பல்லேகல கார்மெண்ட்ஸில் வேலை. பிள்ளையை அங்கே கூட்டிப்போக வேண்டும். ரமேஸ் விடமாட்டேன் என்று நின்றான்.

கால்நூற்றாண்டுக்கும் மேலாக ஸுமைரா குடும்ப வழக்குகளைத்தான் பேசி வருகிறார். எதிர்த்தரப்பைப் பற்றி உண்மையில்லாத ஒரு சொல்லைக்கூட மனுவில் சேர்க்கமாட்டார். 'ரமேஸ் குடிகாரன்னு எழுதுங்க' என்று சிந்துஜாவின் அண்ணன் ஒற்றைக் காலில் நின்றபோது, ஊரில் நேரில் விசாரித்தார். அவன் குடிப்பவன் இல்லை.

"எழுத ஏலாது. நாளைக்கு இவங்க ரெண்டு பேரும் ஒரே புள்ளைட ஸ்கூல் மீட்டிங்குல பக்கத்துப் பக்கத்துல உக்காரணும்" என்று சொல்லிவிட்டார். இதனாலேயே சில வழக்குகள் அவர் கையைவிட்டுப் போனதும் உண்டு.

சடாரென்று ஒரு சிவப்பு த்ரீவீல் ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவன் ரமேஸ்! ஸுமைராவால் நம்பவே முடியவில்லை. இவர்களை இங்கேயே விட்டுவிட்டுப் போனால் அவன் ஜெயித்த மாதிரி.

"ஏறுங்க மிஸ். நானும் அங்கதானே போறேன்." சிந்துஜாவைப் பார்க்காமலே தொடர்ந்தான்: "நான் குடிக்கிறேன்னு எழுதச் சொன்னாங்களாம். நீங்க மாட்டேன்னுட்டீங்களாம். கேள்விப்பட்டேன்."

த்ரீவீல் பறந்தது. கம்பளையைத் தாண்டியது. பேராதனை நெருங்கும்போது ரமேஸே மகள் லக்ஷிகாவின் பேச்சை எடுத்தான்.

"லெச்சு சனி ஞாயிறு என்கிட்ட இருப்பாளா?"

"ஸ்கூல் லீவுக்கும் வரட்டும். நான் எப்ப வேணாம்னேன்?" என்றாள் சிந்துஜா.

 ஸுமைரா சட்டென்று கையை உயர்த்தினார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க! ரமேஸ், ஒங்கட லோயர் இல்லாம நான் இதக் கேக்கப்படாது."

உடனே, கண்டியில் காத்திருந்த ரமேஸின் சட்டத்தரணி ஹலீமுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ட ஆளுட த்ரீவீல்லயா நீங்க வாரீங்க? யா அல்லாஹ்!" ஹலீமின் சிரிப்பு இஞ்சின் சத்தத்தையும் மிஞ்சியது. "சரி, ஒவ்வொண்டாச் சொல்லுங்க. ரமேஸ், விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லிருங்க."

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் திரும்பும் வாகன நெரிசலில் அரைமணி நேரம்போல ஊர்ந்தார்கள். அதற்குள் கிழமை நாட்கள் அம்மாவோடு, வார இறுதியும் விடுமுறையும் அப்பாவோடு, பிறந்தநாளுக்கு இருவரும் என்று எல்லாமே பேசி முடிந்துவிட்டது.

நீதிமன்ற வாசலில் ஸுமைரா கறுப்புக் கோட்டைப் போட்டபடியே படியேறி ஓடினார். உள்ளே அவர்களுடைய வழக்கைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கனம் நீதிபதி அவர்களே, இரு தரப்பும் இணங்கிவிட்டார்கள்." அவருக்கு மூச்சு வாங்கியது. ஹலீம் எழுந்து ஆமோதித்தார். நீதிபதி சிந்துஜாவையும் ரமேஸையும் தனித்தனியே கேட்டறிந்து, இணக்கத்தைப் பதிவு செய்தார்.

வெளியே வந்ததும் ரமேஸ் மகளுக்குப் போன் எடுத்தான். அவன் சொல்லி முடிக்குமுன்னே மறுமுனையில் கேட்ட சந்தோசக் கூச்சலில் சிந்துஜா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து ஸுமைரா பார்த்தது அதுதான் முதல் தடவை.