‘அவசரமில்லை’ அட்டைகள்

அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் எங்கள் டுலூத் ஊரில் வீடு பற்றி எரிந்தால்கூட ஒருவன் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, "உங்களுக்குச் சௌகரியப்படும்போது வந்தாப் போதும்" என்பான். இருபது வருடமாக இந்த ஊர் வீடுகளின் ஹீட்டர்களைப் பழுது பார்க்கிறேன். இந்தப் பணிவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தப் பேச்சுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் எங்கள் கம்பெனியில் ஆர்லிஸ் ஹாகன்தான். வயது அறுபத்தொன்று. போனை எடுப்பதும், எந்த வீட்டுக்கு யார் முதலில் போவது என்று முடிவு செய்வதும் அவர் வேலை. அவர் கணவர் ஏரியில் இரும்புத் தாது ஏற்றிப் போகும் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். வருடத்தில் ஒன்பது மாதம் வீட்டில் இருக்கமாட்டார். ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று போனில் அவர் சொல்லும் விதத்தை வைத்தே ஆர்லிஸ், காய்ச்சலா, சண்டையா, கையைச் சுட்டுக்கொண்டாரா என்று கண்டுபிடித்துவிடுவாராம். அந்தக் காதுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

கம்ப்யூட்டரைக் கண்டு மிரளுகிற ஆள் இல்லை அவர். அட்டை அட்டையாகத் திரையில் வரும் அந்தத் திட்டமிடும் மென்பொருளை எங்கள் முதலாளி கர்ட் நியெமி வாங்கிப் போட்டபோது, முதலில் பழகியதே ஆர்லிஸ்தான். ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை. ‘கூப்பிட்டவர்கள்’, ‘போயிருக்கிறோம்’, ‘முடிந்தது’ என்று மூன்று வரிசை. அட்டையை இழுத்து எங்கே வேண்டுமோ அங்கே வைக்கலாம். அதில் நீலப் பட்டை ஒன்று உண்டாக்கி, ‘சும்மா சொல்றாங்க’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். அவசரமில்லை என்று யார் சொன்னாலும் குரலைக் கேட்டு நீலத்தை ஒட்டி, அட்டையை உச்சியில் வைப்பார். ஆறு குளிர்காலம் அப்படித்தான் ஓடியது.

போன அக்டோபரில் மென்பொருளுக்குப் புதுத் தோற்றம் வந்தது. யாரோ கடலோரத்தில் வெயிலில் உட்கார்ந்து செய்தது என்று பார்த்தாலே தெரியும். அட்டைகள் ஊதிப் பெருத்துவிட்டன. முன்பு இருபது தெரிந்த இடத்தில் இப்போது ஐந்து. மற்றதெல்லாம் வெற்றுவெள்ளை. எழுத்து இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு வெளிர்ச் சாம்பல். பட்டைகளில் பெயரே கிடையாது, நூல் மாதிரி ஒரு கோடுதான். இதைவிடப் பெரிய கொடுமை வேறு. வாடிக்கையாளர்களே இனி இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம், எவ்வளவு அவசரம் என்று அவர்களே பொத்தானை அமுக்கலாம், அதன்படி அட்டைகள் தாமாகவே அடுக்கிக்கொள்ளும். ஆர்லிஸ் ஒன்றை மேலே இழுத்து வைத்தால், கையை எடுத்ததும் அது நழுவிப் பழைய இடத்துக்கே போய்விடும்.

எங்கள் ஊர்க்காரனிடம் அவசரமா என்று கேட்டால் எதை அமுக்குவான்? எல்லோரும் ‘அவசரமில்லை’யை அமுக்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து, புதுத் தோற்றம் எப்படி என்று மென்பொருள்காரர்கள் கேட்டு அனுப்பினார்கள். ஆர்லிஸ் எழுதியது எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன்: ‘வித்தியாசமா இருக்கு. பரவாயில்லை, சமாளிச்சுக்கறோம்.’

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. அன்று அறுபத்துமூன்று அட்டைகள். வியாழன் மதியம் வேறு எதையோ தேடிக் கீழே கீழே உருட்டிக்கொண்டு போன ஆர்லிஸ், அடியில் கிடந்த ஒரு அட்டையைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

"ரோலண்ட், கையில இருக்கறத போட்டுட்டு டாலப்சன் வீட்டுக்குப் போ. செவ்வாய்க்கிழமையிலேருந்து கிடக்கறார்."

எய்னார் டாலப்சனுக்கு எண்பது தாண்டிவிட்டது, தனி ஆள். சமையலறையில் அடுப்பின் ஓவனை எரியவிட்டுத் திறந்து வைத்துக்கொண்டு, கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் நாற்பத்தொரு டிகிரி, ஃபாரன்ஹீட்டில். தண்ணீர் உறைய இன்னும் ஒன்பதுதான் பாக்கி. கீழறையில் வெளிச்சுவரோரம் உறைந்துபோன குழாய் வெடித்துக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

"ஏங்க, ஒரு போன் பண்ணக்கூடாதா?" என்றேன். கத்தினேன் என்று சொல்வதுதான் சரி.

"உங்களுக்கு வேலை ஜாஸ்தியா இருக்கும்னு நெனச்சேன். இதைவிட மோசமாவும் இருந்திருக்கலாம். காபி குடிக்கறியா?"

பெரியவரின் விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஆபீசுக்கு வந்தேன்.

மறுநாள் காலை ஆர்லிஸ் மென்பொருள்காரர்களைப் போனில் பிடித்தார். நாங்களும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். அந்தப் பக்கம் ஒரு இளம்பெண்.

"மேடம், உங்க கம்பெனிக்குப் புதுத் தோற்றம் பிடிச்சிருக்குன்னுதான் இங்க பதிவாகியிருக்கு. ‘பரவாயில்லை’ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

ஆர்லிஸ் போனை நோக்கிக் குனிந்தார்.

"அம்மாடி, எங்க ஊர்ல அதுதான் திட்டறது" என்றார். "அட்டையை நான் வெக்கற இடத்துல நிக்க வெச்சாப் போதும், வேற எதுவும் கேக்கலை. அது நிக்காம ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடக்கறார்."

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். இப்பவே மாத்திப் பதிஞ்சிடறேன். ஒண்ணுலேருந்து அஞ்சுவரைக்கும் எத்தனை நட்சத்திரம் குடுப்பீங்க? ஒண்ணுன்னாதான் புகாரா மேல போகும். ரெண்டும் அதுக்கு மேலயும் கருத்துப் பெட்டியில சேர்ந்துடும்."

அந்தப் பெண் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? கர்ட் ஒற்றை விரலை நீட்டிக் காட்டினார். நானும் காட்டினேன். ஆர்லிஸின் முகம் சிவந்தது.

"ரெண்டு" என்றார். நன்றியும் சொல்லிப் போனை வைத்தார்.

"ஆர்லிஸ்!" என்றேன்.

"தெரியும், தெரியும். அந்தப் பொண்ணு எவ்வளவு மரியாதையாப் பேசுச்சு. அது முகத்துக்கு நேர ஒண்ணுன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையைக் குத்தியிருப்பேன். ஆர்லிஸ் இழுப்பறையைத் திறந்து, சமையல் குறிப்பு எழுதும் காகித அட்டைக் கட்டு ஒன்றை எடுத்தார். திரையை அடிவரை உருட்டி, ‘அவசரமில்லை’ என்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொருவருக்கும் போன் செய்ய ஆரம்பித்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. "வீட்டுக்குள்ள எத்தனை டிகிரி, பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் இதற்கே போகிறது. மென்பொருளுக்கு மாதச் சந்தாவும் தனியாகப் போகிறது.

அன்று சாயங்காலம் மென்பொருள்காரர்களின் அதே கேள்வி என் செல்போனுக்கும் வந்தது, ஐந்து நட்சத்திரங்களுடன். ஊரையே திட்டுகிறவன் நான். வண்டியில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று போட்டேன்.