கன்னிப்பூத் தூசி

நாஞ்சில் நாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பச்சை வயல், குளிர்ந்த காற்று என்று எழுதித் தள்ளுகிறார்கள். அவர்களை ஒரே ஒரு கன்னிப்பூ அறுவடைக்கு எங்கள் வீட்டில் தங்க வைத்திருக்க வேண்டும். ஆவணியில் அறுக்கிற போகம் அது. சாரல் விட்டுவிட்டுப் பெய்கிற காலம் என்பதால் கதிர்க்கட்டு நனைந்துதான் களத்துக்கு வரும். அடுக்கி வைத்ததும் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயில் கொஞ்சம் முகம் காட்டியதும் கட்டைப் பிரித்து அடித்து, மேல்காற்றில் நெல்லைத் தூற்றுவார்கள். களம் எங்கள் வீட்டுக்கு மேற்கே இருந்தது. நெல் அப்பாவுக்கு, தூசி எங்களுக்கு. சோற்றுப் பானையை மூடி வைத்தாலும் வாயில் உமி கடிபடும்.

மற்றவர்களுக்கு அரிப்பும் தும்மலும்தான். என் அக்காவுக்கு இழுப்பு வந்துவிடும். படுக்க முடியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சுக்கும் போராடுவாள். ஐப்பசி மழை விழுந்து தூசி அடங்கியதும், ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து அடுக்களை வேலையைப் பார்ப்பாள்.

இழுப்பு விஷயம் வீட்டுப் படி தாண்டக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அதனால்தான் பெண் பார்க்க வந்தவர்களைத் தை மாதம் பார்த்து வரவழைத்தார். காற்று சுத்தமாக இருந்தது, அக்காவும் நன்றாக இருந்தாள். மாதம் முடிவதற்குள் கல்யாணமும் நடந்தது. அத்தானுக்கு ஆரல்வாய்மொழியில் பலசரக்குக் கடை. அவர்களுக்கு வயலும் இல்லை, களமும் இல்லை.

புதுப்பெண்ணை முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவதும், ஓணத்துக்கு வரும் மருமகன் அவளைத் திரும்பக் கூட்டிப் போவதும் எங்கள் வழக்கம். நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேராமல் மலையாள ராஜ்யத்தில் இருந்த காலம் அது, ஓணம் எங்களுக்கும் பெரிய பண்டிகை. ஆனிக் கடைசியில் அப்பாவும் நானும் அழைக்கப் போனோம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று ஆளைத் தள்ளியது. அந்தக் காற்றில் அக்கா சிரித்துக்கொண்டே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மாமியார் உள்ளே போன நேரம் பார்த்து அக்கா சொன்னாள்: "அப்பா, இந்த வருசம் என்னை விளிக்காண்டாம். இஞ்ச எனக்கு இழுப்பே இல்ல. அங்க வந்தா களத்துத் தூசி ஆகாது."

"மொத ஆடிக்குப் பொண்ண விளிக்காதவன்னு ஊருல சொல்லுவாவ. பெறப்படு மக்கா."

மக்கா என்று கொஞ்சலாகத்தான் சொன்னார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருடம் சாரல் லேசில் விடவில்லை. களத்தில் கட்டுகள் வெந்து நாறின. "பெரியப்பா களத்துல கொண்டுபோயி அடிச்சா என்ன?" என்று அம்மா கெஞ்சினாள். "ஏன்னு ஆளுவ கேட்டா என்ன சொல்ல?" என்றார் அப்பா. வெயில் எட்டிப் பார்த்ததும் எங்கள் களத்திலேயே அடித்தார்கள். முதல் நாளே அக்கா சுருண்டுவிட்டாள்.

ஓணத்துக்கு அத்தான் கோடித்துணியோடு வந்தபோது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. அவள் நெஞ்சு இரைகிற சத்தம் முற்றத்துக்கே கேட்டது. அத்தான் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"இது முன்னமே உண்டா?"

"சளிதான் மாப்பிள்ளை. வேற ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.

அத்தான் இலையில் உட்கார்ந்து பாதியிலேயே எழுந்தார். "சுகமான பெறவு வந்து விளிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவேயில்லை.

ஐப்பசியில் மழை விழுந்தது, அக்காவும் எழுந்துவிட்டாள். அப்பா தனியாக ஆரல்வாய்மொழிக்குப் போய்த் தொங்கிய முகத்தோடு திரும்பினார். நோக்காட்டை மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிட்டதாக மாமியார் பேசினாளாம். இனி அனுப்ப வேண்டாமாம்.

அக்கா அழவில்லை. நேராகக் கேட்டாள்: "அவளுக்கு ஒங்க வீட்டுல வராது, எங்க களத்துத் தூசியிலதான் வருதுன்னு அவங்ககிட்ட சொன்னியளா?"

"அதெப்படிச் சொல்ல முடியும்? சொன்னா எனக்கு முன்னமே தெரியும்னு ஆயிராதா?"

அத்தான் அடுத்த தையில் வேறு பெண் கட்டினார். அக்கா எங்களோடேயே இருந்து, ஆவணிதோறும் மூச்சுக்குத் தவித்து, தலை நரைக்கும் முன்பே ஓர் அறுவடையில் போய்விட்டாள். துஷ்டி கேட்க வந்தவர்களிடம் அப்பா காய்ச்சல் என்று சொன்னார்.