டேஷ்போர்டில் கீறியிருந்த பெயர்

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் முப்பது வருடங்களாக ராணுவ வண்டிகளின் பாகங்களைத் தேடி வாங்கியிருக்கிறேன். போரில் அடிபட்டு, மீட்கப்பட்டு, ஏலத்தில் போய், உடைத்து விற்கப்பட்ட லாரிகள், ஜீப்புகள். பம்புசெட் பட்டறை நடத்தியவன் நான். பொறியியல் படித்தவன். ஆனால் இந்த ஆசைக்குப் படிப்பு காரணமில்லை. போர்முனையின் பக்கமே போகாதவனுக்கு அதன்மேல் இருந்த ஏக்கம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு லாரியின் டேஷ்போர்டு. பாகிஸ்தான் போரில் குண்டுச்சிதறல் போட்ட மூன்று ஓட்டைகள் அதில் உண்டு. வண்டி எண் பொறித்த சிறு தகடும் அப்படியே இருந்தது. மீட்டருக்குக் கீழே யாரோ கத்திமுனையால் தமிழில் ஏதோ கீறியிருந்தார்கள். கடை ஆட்களின் கிறுக்கல் என்று நினைத்தேன். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் இருக்கிற இரும்பையெல்லாம் தேய்த்துத் துடைத்துச் சந்தனம் வைப்போம். ஒரு வருடம் அந்த டேஷ்போர்டையும் பஃபிங் மோட்டாரில் பிடித்துத் தேய்த்தேன். கீறல் போய்விட்டது. பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

போன தை மாதம் வெள்ளகோவிலிலிருந்து ஓர் அம்மாள் தன் தம்பியுடன் வந்தார். எழுபதைத் தாண்டியவர். என் சேகரிப்பைப் பற்றிப் பத்திரிகையில் வந்த படத்தில் அந்த வண்டி எண்ணைப் பார்த்தாராம். கல்யாணமான ஏழாம் மாதம் போரில் இறந்த கணவர் ஓட்டிய லாரி அது. அந்த எண்ணைக் கடிதத்தில் எழுதியிருந்தாராம்.

"ஏனுங்க, தொட்டுப் பாக்கலாமுங்களா?"

ஓட்டைகளை அவர் கவனிக்கவே இல்லை. மீட்டருக்குக் கீழே விரலால் தடவினார். பிறகு பையிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து நீட்டினார். உன் பேரை வண்டியில் மீட்டருக்குக் கீழே கீறி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறேன் என்று கணவர் எழுதியிருந்தார்.

"இதுல எதாச்சும் எழுதியிருந்துச்சுங்களா?"

"இல்லீங்கம்மா. வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றேன்.

தம்பி சிரித்தார். "மச்சான் உன்னைய நல்லா ஏமாத்திப்போட்டாரு, அக்கா. அவரு வாயத் தொறந்தா டூப்புத்தான்."

"ஆமாண்டா. அம்பது வருசமா நம்பிட்டு இருந்துபோட்டேன், பாரு. பொய்க்காரன்" என்று அவரும் சிரித்தார். கடிதத்தை மடிக்காமலே பைக்குள் திணித்தார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வெட்கத்தில் மட்டும் நான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. பெயர் இருந்தது என்று சொன்னால் டேஷ்போர்டைக் கேட்டுவிடுவாரோ என்றும் பயந்தேன். அவர் கேட்காமல் போனபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அன்றைக்கே அந்த நிம்மதி போய்விட்டது. செத்துப்போன ஒருவரை, அவர் மனைவியின் முன்னால் பொய்யராக்கியிருந்தேன்.

இருபது நாள் கழித்து வெள்ளகோவிலுக்குப் போனேன். அவர் உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"எழுத்து எப்படிங்க இருந்துச்சு?"

மூன்று எழுத்தா, நான்கா? அந்த ஓட்டைகளின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதி வைத்தவன் நான்.

"சரியாப் பாக்கலீங்கம்மா."

"ஆனா இருந்துச்சுங்கள்ல?"

"இருந்துச்சுங்க. மீட்டருக்குக் கீழதான்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "டேய், கேட்டியா? இருந்துச்சாமா. உன்ற மச்சான் பொய் சொல்லல." தம்பி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "நாந்தான் அந்த மனுசனப் போயி என்னென்னமோ சொல்லிப்போட்டேன்."

பிறகு என்னைப் பார்த்து, "கொண்டாந்திருக்கீங்களா?" என்றார்.

"கார்ல இருக்குதுங்க."

நான் சொல்லி முடிக்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் அவர் வெயிலில் இறங்கி நடந்தார்.