மொட்டை மாடிக் கதவும் மூன்று கூகைக் குஞ்சுகளும்

நேற்றுக் காலை சமையலறையில் திடீரென்று ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். காஸ் டியூபில் கசிவு. புத்தியுள்ளவர்கள் முதலில் ரெகுலேட்டரை மூடுவார்கள். நான் ஜன்னலைத் திறந்து, கட்டடத்தின் நடுவே குழாய்கள் இறங்கும் ஷாஃப்டுக்குள் எட்டிப் பார்த்தேன். வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் ஓடிப்போய் மூடினேன். நல்லவேளை, என் கணவர் பார்க்கவில்லை.

அந்தச் சீறலை முதலில் கேட்டதும் இதே சமையலறையில்தான். திருநெல்வேலியிலிருந்து செகந்திராபாத் லோத்குண்டாவுக்குக் குடிவந்த புதிது. பின்புறம் ராணுவ நிலத்தின் மதில், அதற்கப்பால் பாறையும் முள்மரங்களும். பாம்பு வரும் என்று சொல்லித்தான் வீட்டையே கொடுத்தார்கள். ஷாஃப்டுக்குள் சீறல் கேட்டதும் கணவர் ஒரே தாவலில் ஹாலுக்குப் போய்விட்டார். “ஏட்டி, ஜன்னலச் சாத்து! பெரிய பாம்பால்லா இருக்கு!” என்று அங்கிருந்தபடியே எனக்குத் தைரியம் சொன்னார்.

டார்ச்சோடு மொட்டை மாடிக்குப் போனது நானும் எதிர்வீட்டு பத்மாக்காவும். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம் அக்காவுடையது. உருது கலந்து அவர் பேசும் தமிழில் பாதி எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. ஷாஃப்டின் உச்சியில் செங்கல் பெயர்ந்த பொந்தில், அழுக்குப் பஞ்சுருண்டைகள் மாதிரி மூன்று குஞ்சுகள். வெற்றிலையைக் கவிழ்த்து வைத்தது போல வெள்ளை முகங்கள். வெளிச்சம் பட்டதும் மூன்றும் சேர்ந்து சீறின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. “ஆந்தைம்மா! நக்கோ நக்கோ, வேண்டாம். வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

அவை கூகைகள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பொழுது சாயும்போது தாய் மதிலுக்கு மேலாகச் சத்தமே இல்லாமல் வரும், காலில் எலி தொங்கும். எலி மருந்து வைக்க வேண்டாம், மருந்து தின்ற எலியைத் தின்றால் இவையும் செத்துப்போகும் என்று வாட்ச்மேனிடம் எனக்குத் தெரிந்த நாலு தெலுங்கு வார்த்தையில் கெஞ்சினேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் வைக்கவில்லை. மொட்டை மாடி விளக்கையும் அணைக்க வைத்தேன். கட்டடத்தில் எனக்கு ‘ஆந்தை மேடம்’ என்று பெயராயிற்று. பத்மாக்காவோ குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் பொந்தை அடைக்கச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், சாக்கும் வலையுமாக இரண்டு பேர் வந்தார்கள். செயலாளர் அனுப்பினாராம். பிடித்துக் காட்டில் விடப் போகிறார்களாம். நான் மொட்டை மாடிக் கதவை இழுத்துச் சாத்தி அதன் முன்னால் நின்றேன். கணவருக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. “ஜரகண்டம்மா,” என்று விலகச் சொல்லி நெட்டையானவன் நெருங்கினான். சத்தம் கேட்டு பத்மாக்கா வெளியே வந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது குட்டையானவன் சாதாரணமாகக் கேட்டான், குஞ்சுகளுக்கு நகம் நன்றாக வளர்ந்திருக்கிறதா என்று.

அக்காவின் முகம் மாறியது. தீபாவளி அமாவாசைப் பூஜையில் பலி கொடுக்க ஆந்தை தேடி வருகிறவர்களை இந்த ஊரிலேயே பிறந்த அவருக்குத் தெரியும். விறுவிறுவென்று ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார். “நகம் எதுக்கு உனக்கு? ஐடி கார்ட் திகாவ், காட்டு!” என்று போனைத் தூக்கி அவன் முகத்தைப் படம் பிடித்தார். அவன் போனைப் பறிக்கக் கை நீட்டினான். அக்கா பின்வாங்கவில்லை. கீழ்வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இரண்டு பேரும் ஏதோ திட்டிக்கொண்டே இறங்கினார்கள். அந்தச் சாக்கில் ஏற்கெனவே ஏதோ ஒன்று அசைந்ததை நான் பார்த்தேன். அதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கு அதுங்களப் பாத்தா பயம்தான். ஹவ், ஆமா, இப்பவும் பயம்தான். அதுக்காக அறுக்கக் குடுப்பாங்களா?”

பத்து நாள் கழித்து மருமகளுக்குக் குறைமாதத்திலேயே வலி வந்துவிட்டது. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். லிஃப்டில் எல்லோரும் ஆந்தையைத்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவுக்கு காபி கொண்டுபோனபோது, என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே நீட்டினேன். வாங்கிக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “குஞ்சுங்க பறந்துடுச்சா?” என்றார். “இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குக்கா,” என்றேன். “அது பறக்கட்டும். அதுவரைக்கும் அடைக்க வேண்டாம்னு நான் சொன்னேன்னு அந்த செக்ரட்டரிகிட்ட சொல்லு.”

குழந்தை பிழைத்தது. கடைசிக் குஞ்சும் பறந்தது. சில வருஷம் அதே பொந்துக்குக் கூகைகள் திரும்பி வந்தன. அப்புறம் கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது, நாங்கள் ஊருக்குப் போயிருந்த வாரத்தில், பொந்தைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். மதிலுக்கு அப்பால் முள்மரங்களை வெட்டி விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். இரவும் பகலும் ஒரே வெளிச்சம்.

பத்மாக்கா இப்போது மகனோடு போவன்பள்ளியில் இருக்கிறார். போன் செய்தால் பேத்தியின் பள்ளிக்கூடம், காய்கறி மார்க்கெட் லாரிகள், முட்டிவலி என்று எல்லாம் பேசுவார். வைப்பதற்கு முன்னால் மட்டும் குரல் தணியும்.

“வந்துச்சாம்மா?”

“இல்லக்கா.”

“சரி, நாளைக்கும் பாரு,” என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்.