உச்சி வெயிலில் கலந்த மருந்து

கம்பெனிகள் திறந்தும் பள்ளிக்கூடம் திறக்காத கொரோனா வருஷம் அது. நான் ஆறாம் வகுப்பு. அறிவியல் டீச்சர் ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். தொட்டால் போனுக்குள் ஓர் ஆய்வகமே திறந்தது. அலமாரியில் உப்புகள், மேசையில் கிண்ணம், பக்கத்தில் அடுப்பு. விரலால் இழுத்துக் கிண்ணத்தில் போட்டுச் சூடு காட்டினால், எந்த உப்பு என்ன நிறத்தில் எரியும் என்று தெரியும். நாம் இங்கே தொட்டால் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் வேலை செய்யும் என்றும் டீச்சர் விளக்கியிருந்தார். வினையே அந்த விளக்கத்தில்தான் இருந்தது.

அப்பாவுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. உள்ளே செல்போன் கூடாது. அதனால் பகல் முழுக்க அது என் ராஜ்ஜியம். அன்று நடுப்பகலில், தீயில் பச்சை நிறம் போதவில்லை என்று பேராசைப்பட்டு, அலமாரியில் இருந்ததையெல்லாம் கிண்ணத்தில் கொட்டினேன். திரையில் அறை சிதறியது. அதே நொடியில் மேற்கே நிஜமாகவே ஒரு சத்தம். எங்கள் ஜன்னல் கதவு அதிர்ந்தது.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு வந்து போனைப் பிடுங்கிக் கம்பெனிக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. தெருவில் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். நான் மட்டும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அப்பா மருந்து கலக்கும் அறையை வெடிக்கவைத்தது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். பிற்பாடு அந்த வேண்டுதலைச் செலுத்திவிட்டு, ஆன்லைன் வகுப்பில் பல மாதம் கேமராவைத் திறக்காமல் இருந்தது தனிக்கதை.

சாயங்காலம் கம்பெனி வேன் வந்தது. மூன்றாவது ஆளாக அப்பா இறங்கினார். சத்தம் கல்குவாரியில் பாறைக்கு வைத்த வேட்டாம். அம்மா உள்ளே போய் உலை வைத்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அழுதபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. எத்தனை மணிக்குக் கலந்தாய் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன்.

"ஏ தாயி, உச்சி வெயில்லயா மருந்து கலப்பாக? வெயில் ஏறுமுன்ன முடிச்சிறணும்."

குளித்துவிட்டு வந்து போனைத் தரையில் வைத்து உட்கார்ந்தார். கலவை அறைக்குள் போகுமுன் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடுவார்களாம். அந்தப் பழக்கத்தில் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார். முதல் தடவையே அருமையான பச்சை.

அதோடு விட்டிருக்கலாம். வேண்டுமென்றே அள்ளிக் கொட்டினார். அறை சிதறியது. 'மீண்டும் முயல்க' என்று கீழே ஒரு பொத்தான் வந்தது. தொட்டார். சுவர், அலமாரி, கிண்ணம் எல்லாம் பழையபடி வந்து நின்றன.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

மறுபடி சிதறடித்தார், மறுபடி தொட்டார். எத்தனை தடவை என்று கணக்கில்லை. அப்பாவுக்கும் விளையாட்டுப் பிடித்துவிட்டதில் எனக்குப் பெருமை, சார்ஜ் போகிறதே என்று எரிச்சலும் கூட. எதற்கெடுத்தாலும் போனை வை என்று கத்தும் அம்மா, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். அப்பாவின் அண்ணன், நான் பிறப்பதற்கு முன்பே, அப்படிச் சிதறிய ஓர் அறையில்தான் செத்துப்போனார் என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.